அறைக்கு வராத வைஃபை

வைஃபை திருத்த வந்திருக்கும் பெடியன் எவ்வளவு கெட்டிக்காரனோ தெரியவில்லையே என்று யோசெப்பின் மனதுக்குள் கவலைப்பட்டாள்.

ஒஸ்லோவில் குளிர் தொடங்கியதிலிருந்து அவள் கணவர் லோறன்ஸின் அறைக்கு வைஃபை வருவதில்லை. முன்பெல்லாம் அங்கே கதவைச் சாத்திக்கொண்டு அலுவலக வேலை பார்ப்பார். சாப்பிடத்தான் வெளியே வருவார். இப்போது சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அவள் சமைக்கும் குசினியிலுள்ள மேசைதான்.

“மொடத்தை மாத்தியாச்சு. ரவுட்டரையும் நிப்பாட்டிப் போட்டுப் பாத்தாச்சு. இவளின்ரை குசினிக்குள்ளை எத்தினை நாளைக்குத் தம்பி இருக்கிறது?” என்றார் லோறன்ஸ்.

“நீங்கள் வேலையைப் பாருங்கோ அங்கிள்,” என்று சொல்லிவிட்டு, திருத்த வந்த நிருஜன் ரவுட்டர் இருந்த நடைக்குப் போனான். யோசெப்பினும் பின்னால் போனாள்.

ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்த மாதா படத்தை அவன் மெல்ல நகர்த்தினான். அதன் பின்னால் பெரிய அலுமினியக் கேக் தட்டு ஒன்று நிமிர்ந்து நின்றது.

“அன்ரி, சிக்னலை மறிக்கிறது இதுதான். ஆர் இதிலை வைச்சது?”

“நான்தான்.”

குசினியிலிருந்து லோறன்ஸின் குரல் வந்தது. “யோசெப்பின், வெங்காயம் வெட்டிப்போட்டன். அடுத்த மீற்றிங்குக்கு முன்னம் உமக்குத் தேத்தண்ணி ஊத்தட்டே?”

நிருஜன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “தட்டை எடுக்கட்டே அன்ரி?” என்றான்.

“வேண்டாம் தம்பி,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அவள் மாதா படத்தைப் பழைய இடத்தில் நேராக வைத்தாள்.