படிச்ச கதைதானே!

"படிச்ச கதையப் போயி யாராவது காசு குடுத்துப் பாப்பாகளா அத்தை? முடிவுதான் தெரியுமே!"

அறிவுச்செல்வி காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மாமியார் செபாஸ்தியம்மாள் காதில் வாங்கினால்தானே! கண்ணாடி முன்னால் நின்று கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்ச கதைன்னாத்தான்டி நிம்மதியாப் பாக்கலாம். நீ வாசிக்கையில அந்தக் கடலு, அந்தக் குடிசையெல்லாம் மனசுக்குள்ள வந்துச்சுல்ல? ஒரு தரம் கண்ணாலயும் பாத்துர்றேன்."

"மனசுக்குள்ள வந்ததே போதும். படத்துல எவளோ ஒருத்தி பவுடர அப்பிக்கிட்டு வந்து நிப்பா. நம்ம நெனச்சு வெச்ச மூஞ்சி போயிரும்."

"போனாப் போகுது. கெளம்பு."

"நேத்துதான் ஆயக்குடிக்குப் போயி பொழுதன்னைக்கும் அலைஞ்சிட்டு வந்தீக. அம்புட்டு அலுப்பு, கொய்யா வெளையுற ஊருல இருந்து ஒரு கொய்யாகூட வாங்கிட்டு வரல. இன்னைக்காவது செத்தப் படுங்களேன்."

"படுக்குறதுக்கு என்ன, ராத்திரி பூராக் கெடக்கு" என்று செபாஸ்தியம்மாள் செருப்பை மாட்டிவிட்டாள். இனி பிரம்மா வந்தாலும் தடுக்க முடியாது.

செல்வி பயந்தது பவுடருக்கா? இல்லை.

செபாஸ்தியம்மாளுக்கு எழுத்து தெரியாது. போன மழைக்காலம் முழுக்க, சாயங்காலமானால் செல்விதான், இப்போது படமாக வந்திருக்கும் அந்த நாவலை அவளுக்கு வாசித்துக் காட்டினாள். கடலுக்குப் போன புருஷன் புயலில் சிக்கிக்கொள்ள, பெண்டாட்டி கரையில் காத்திருக்கிற கதை. "வந்துட்டானா?" என்று தினமும் கேட்பாள் மாமியார். கேட்காமல் என்ன செய்வாள்! அவள் மகன், செல்வியின் புருஷன் பிராங்க்ளின், வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு ஒடிசாவுக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. அங்கே வந்த வெள்ளம் வடிந்த பிறகு லாரி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. இன்றைக்கும் பைபாஸில் லாரி ஹாரன் கேட்டால் மாமியார், மருமகள் இருவருக்குமே சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிடும். "அவனுக்கும் ஒரு கை அரிசி சேத்துப் போடு" என்று சொல்லாமல் செபாஸ்தியம்மாள் ஒருநாளும் உலை வைக்கவிட்டதில்லை.

நாவலின் கடைசிப் பக்கத்தில் அந்தப் புருஷன் திரும்பி வரவில்லை. அதை எந்த வாயால் வாசிப்பது? 'அவன் நனைந்த சட்டையோடு வாசலில் வந்து நின்றான்' என்று செல்வி தானாகவே சேர்த்து வாசித்துவிட்டாள். செபாஸ்தியம்மாள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "வந்துட்டான்ல!" என்று ஒரு பெருமூச்சு விட்டாள்.

அந்த ஒரு பெருமூச்சுக்காகத்தான் செல்வி தன் வாழ்க்கையையே நிறுத்தி வைத்திருந்தாள். அண்ணன் மோகன்குமார் அவளுக்கு மறுமணம் பேச வரன் கொண்டு வந்தபோதெல்லாம், "அத்தைக்குத் தெரிஞ்சா உசுர விட்ரும்" என்று தெருமுனையிலேயே அவனை மடக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். இப்போது பாழாய்ப் போன இந்த சினிமா வந்து எல்லாவற்றையும் உடைக்கப் போகிறதே!

மேட்னி ஷோ. உள்ளே கும்மிருட்டு.

"அங்கிட்டு ஏசி மூஞ்சிலயே அடிக்கும், இங்கிட்டு வா" என்று செபாஸ்தியம்மாள் தட்டுத்தடுமாறாமல் நடந்து, தூண் ஓரமாக இடம் பிடித்தாள்.

படம் ஓடியது. செல்வி திரையைப் பார்க்கவே இல்லை, மாமியாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் உடைந்த படகுப் பலகை கரை ஒதுங்கியதும் அவளால் தாங்க முடியவில்லை.

"அத்தை, எந்திரிங்க. தலைவலி உசுர் போகுது. வீட்டுக்குப் போயிருவோம்."

"செத்த இரு."

"மிச்சந்தான் தெரியுமே! அவன் வந்துருவான். வாங்க அத்தை, கால்ல வேணா விழுறேன்."

எழுந்தவளின் மணிக்கட்டைச் செபாஸ்தியம்மாள் இறுக்கிப் பிடித்தாள்.

"உக்காரு ஆத்தா. அவன் வரமாட்டான்."

செல்வி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அத்தை..."

"கடைசிப் பக்கத்த அன்னைக்கு நீ புத்தகத்தப் பாத்தா வாசிச்ச? என் மூஞ்சியப் பாத்துல்ல வாசிச்ச! ஒனக்கு நம்ம பிராங்க்ளின் வருவான்னு ஒரு நெனப்பு வேணும்போலன்னுதான் நானும் தெனம் ஒரு கை அரிசி போடச் சொன்னேன். கதையோட நெச முடிவு எனக்குத் தெரிய வேணாமா? நேத்து நான் எந்த ஆயக்குடிக்கும் போகலடி. இங்கனதான், இதே சீட்டுல ஒத்தையா உக்காந்து அழுது முடிச்சேன். இன்னைக்கு நீ அழுறப்ப ஒன்னையத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆளு வேணும்ல?"

திரையில் அந்தப் பெண் வாசல் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். செபாஸ்தியம்மாள் மருமகளின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"முழுசாப் பாரு. பாத்து முடிச்சதும், தெருமுனையிலயே மடக்கி மடக்கி அனுப்புவியே ஒன் அண்ணன், அவனுக்கு ஒரு போனப் போட்டு, வாசல் வழியா வீட்டுக்குள்ள வரச் சொல்லு."