சீனியம்மாள் எஃப்.எம்.

தாராவித் தையல் கார்கானாவின் தகரக் கூரை இடுக்கு வழியே விழும் வெயிலில் பஞ்சுத்தூசி மிதந்துகொண்டிருக்கிறது. அலமாரி மேலிருக்கும் ரேடியோவில் இன்று இரைச்சல் மட்டும்தான். இத்தனை வருஷமாக இங்கே தைப்பவர்களோடு சேர்ந்து வேலை பார்த்த உள்ளூர் எஃப்.எம். நிலையத்தை நேற்றோடு மூடிவிட்டார்கள். “எல்லாரும் போன்லயே பாட்டு கேக்காவ, ரேடியோவுக்கு யாரு வெளம்பரம் குடுப்பா?” என்கிறார் காஜா எடுக்கும் பிச்சை அண்ணாச்சி. மிஷின்களின் கடகடப்பு, காலர் தைக்கும் ஸ்ரீதேவியின் காதை அடைக்கிறது. அப்போது பக்கத்து மிஷினில் இருக்கும் சீனியம்மாள், பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டுத் திடீரென்று பாடுகிறாள்: “ஜாகோ மும்பை, சாய் பியோ!” ‘எழுந்திரு மும்பை, டீ குடி’ என்று பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அந்த நிலையம் தன் பெயருக்கு முன்னால் போடும் இந்தி மெட்டு அது. காய்கறிக்காரனிடம் பேரம் பேசக்கூட இந்தி வராதவள், அந்த ஒரு வரியைச் சுருதி பிசகாமல் பாடி, கடைசியில் வரும் மணியோசைக்குக் கத்தரியால் மிஷினைத் தட்டுகிறாள். கார்கானாவே சிரிக்கிறது. அவள் விடுவதாக இல்லை. அறிவிப்பாளினியின் குழைவு அப்படியே அவள் குரலில் வந்து உட்காருகிறது. “சயான் சிக்னல்ல ஒரே டிராபிக். பாத்துப் போங்க மக்களே. அடுத்த பாட்டு, தாராவி ஸ்ரீதேவி விரும்பிக் கேட்டது.” ஸ்ரீதேவியின் கால் மிதியிலேயே நின்றுவிடுகிறது. வாராவாரம் போன் போட்டும் அந்த நிலையம் ஒருநாளும் அவள் பேரைச் சொன்னதில்லை. தைத்துக்கொண்டிருந்த காலரை மடியில் வைத்துவிட்டுச் சீனியம்மாளைப் பார்க்கிறாள். “எக்கா, அந்தப் பேரை இன்னொரு மட்டம் சொல்லேன்.”