நான் என்ன சொல்ல வாறேன்னா...

தென்காசியில் குடும்ப நல ஆலோசகர் முன்னால் உட்கார்ந்து சுந்தரபாண்டி பொரிந்து தள்ளினார்.

"மேடம், எம் பொண்டாட்டி வாயைத் தொறந்தாலே 'நான் என்ன சொல்ல வாறேன்னா'ங்கா. குத்தாலத்துக்குக் குளிக்கப் போனாலும் அதுதான், சாவு வீட்டுக்குப் போனாலும் அதுதான். கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. இவகூட மனுசன் குடும்பம் நடத்த முடியுமா?"

பக்கத்தில் இருந்த மனைவி குழல்வாய்மொழியை ஆலோசகர் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

"நான் என்ன சொல்ல வாறேன்னா, மேடம்..."

"பாத்தியளா, ஆரம்பிச்சுட்டா!" என்று பாய்ந்தார் சுந்தரபாண்டி. "ஏட்டி, சும்மா இரு. நான் பேசிக்கிட்டு இருக்கேம்லா?"



"சரி அண்ணாச்சி, அதுக்கு அடுத்தாப்புல இவங்க என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டார் ஆலோசகர்.

சுந்தரபாண்டி கையை விரித்தார். "அதை எவன் கேட்டான்?"

"கல்யாணமான நாள்ல இருந்து அதைத்தான் மேடம் சொல்ல வாறேன்" என்றாள் குழல்வாய்மொழி.