மூக்கை நம்பிய கப்பல்

குளிர்சாதன அறையின் இரும்புக் கதவைத் திறந்து மூக்கன் தலையை மட்டும் உள்ளே நீட்டினான்.

பின்னால் தங்கை புருஷன் ஸ்பேனரோடு காத்து நின்றான். அறையைக் குளிரவைக்கும் அமோனியா வாயு கசியவில்லை என்று மூக்கன் தலையாட்டினால்தான் அவன் உள்ளே போவான். மீன் ஏற்றும் அந்தக் கப்பலில் அதுதான் நடைமுறை. பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று தங்கையிடம் சொல்லி அவனை இந்த வேலைக்கு இழுத்துவந்ததும் மூக்கன்தான்.

கசிந்தால் அலறவேண்டிய கருவி சுவரில் செத்துக் கிடந்தது. அடுத்த துறைமுகத்தில் புதுசு வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே ஐந்து துறைமுகம் தாண்டியாயிற்று. கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கக் கம்பெனிக்காரனிடம் காசு இருந்தது.

“உன் மூக்கு இருக்கறப்ப மிஷின் எதுக்குப்பா?” என்று தோளில் தட்டுவார் தலைமை இன்ஜினியர்.

முதல் தடவை கேட்டபோது மூக்கனுக்கு உச்சி குளிர்ந்தது. இப்போது அந்த வாயிலேயே ஒரு குத்து விடலாம் போலிருந்தது. இருக்கிற இரண்டு முகமூடியும் அவருடைய அலமாரியில் பூட்டிக் கிடந்தன, சோதனைக்கு வரும் அதிகாரிகளுக்குக் காட்ட! மனுஷன் நுரையீரல் வெந்து செத்தாலும் முகமூடி கசங்கிவிடக்கூடாது.

மூக்கன் மூச்சை இழுத்தான். வாடையே இல்லை.

ஆனால் கண் எரிந்தது. பொலபொலவென்று நீர் கொட்டியது.

கதவை அறைந்து சாத்தினான். தங்கை புருஷனைச் சட்டையோடு பிடித்துப் பின்னால் தள்ளினான்.

சத்தம் கேட்டு ஓடிவந்த இன்ஜினியர், வாடை வந்ததா என்று கேட்டார்.

வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் வேலை தப்பிக்கும். ஆனால் நாளைக்கும் இதே கதவைத் திறந்து தங்கை புருஷனை உள்ளே அனுப்பவேண்டியிருக்கும்.

மூக்கன் கத்தினான். தன் மூக்கு செத்து எட்டு மாதமாகிறது, இந்தக் கருமத்தை மோந்து மோந்தே போய்த் தொலைந்தது என்றான். டீசலுக்கும் டீக்கும் வித்தியாசம் தெரியாதவனை நம்பித்தான் இத்தனை பேர் உள்ளே போய் வந்தார்கள் என்றான். வெளியே தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சும்மா தலையாட்டியதையும் சொன்னான். கம்பெனியைத் திட்டினான். இன்ஜினியரின் பரம்பரையையே இழுத்தான். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அப்படியும் ஆத்திரம் அடங்கவில்லை.

தங்கை புருஷன் மட்டும் குரலை உயர்த்தவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

“மூணு நாளா இருமறேன். சளின்னு சொன்னீங்களே, மச்சான்.”