முருகனுக்கு மட்டும் தெரிந்த எண்

“எத்தனை விநாடியில திறக்கும் பாய்?” என்று கேட்டார் ராமதாஸ்.

“எத்தனை வருஷமானாலும் பிள்ளைங்களால திறக்க முடியாதான்னு கேளுங்க,” என்றாள் சந்திரிகா.

இரும்புப்பெட்டி விற்கும் ஷேக் அலாவுதீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த வியாபாரத்தில் கணவனும் மனைவியும் ஒரே பெட்டியைக் கேட்டு அவர் பார்த்ததில்லை.

ராமதாஸ் பட்டர்வொர்த்துக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கேஷியர். சம்பளப் பணம் எடுத்துப் போகிறவர் என்பதால் கம்பெனி லைசென்ஸோடு ஒரு கைத்துப்பாக்கி கொடுத்திருந்தது. சம்பளத்துக்கு முந்தின நாள் அது வீட்டுக்கு வரும். அலமாரி மேல் பிஸ்கட் டின்னில் தங்கும். போன மாதம் ஐந்து வயது மகன் முகிலன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, டின்னைத் தொட்டுக்கொண்டே, “இதுல என்ன பிஸ்கட்மா?” என்று கேட்டிருந்தான்.

சந்திரிகாவுக்கு அன்றிலிருந்து தூக்கமில்லை. பிள்ளைகள் திறக்க முடியாத பெட்டி வர வேண்டும். இல்லையென்றால் துப்பாக்கி வீட்டுக்கு வரக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

“இது சாவி போட்டது,” என்றார் அலாவுதீன்.

“சாவியை எங்கே வைக்கிறது? இவரு ஒளிச்சு வச்ச எதையும் தேவிகா ஒரு நாளுக்கு மேல தேடினதில்லை.”

தம்பியின் கையைப் பிடித்து நின்ற எட்டு வயது மகள் தேவிகா அடக்கமாகத் தலையாட்டினாள்.

“இது திருகுறது. வலது பக்கம் மூணு சுத்து, இடது பக்கம் ரெண்டு.”

“நான் சுத்தி முடிக்கிறதுக்குள்ள திருடன் காப்பி குடிச்சிட்டுப் போயிடுவான் பாய்.”

“அப்ப இதுதான்லா அண்ணே. புதுசு. நாலு எண்ணை அமுக்கினா மூணு விநாடி. செவுத்துல போல்ட் போட்டு இறுக்கிடணும். இல்லேன்னா சின்னவர் பெட்டியோட தூக்கிட்டுப் போயிடுவார். வெளியில வேன்ல இருக்கிறவரை உள்ளே கூப்பிடுங்களேன், கனத்தைப் பார்க்கட்டும்.”

ராமதாஸின் முகம் இறுகியது. வேனில் இருந்தவன் சந்திரிகாவின் தம்பி அய்யாக்கண்ணு. பாகான் டாலாமிலிருந்து வேனோடு வந்திருந்தான். முகத்துக்கு நேரே பத்திரிகையை விரித்துப் பிடித்திருந்தான்.

“அவன் வேண்டாம் பாய். வாராவாரம் நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவன். சூதாடுறவன் கால் என் வாசல்ல படக் கூடாதுன்னு ரெண்டு வருஷமா நிறுத்தி வச்சிருக்கேன். பிள்ளைங்க இருக்கிற வீடு.”

“அவன் வேன் மட்டும் படலாமாக்கும்,” என்றாள் சந்திரிகா.

ராமதாஸ் காதில் விழாதவர் போல் பெட்டியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“பொறந்த நாள் போடாதீங்க. கார் நம்பரும் வேண்டாம்,” என்றாள்.

“எனக்குத் தெரியாதா? நான் போடப்போற எண் முருகனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.”

சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார் அலாவுதீன். கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து சர்க்கரையில் ஊறவைத்த ஜாதிக்காய்ப் பொட்டலம் ஒன்றை எடுத்து உள்ளே வைத்தார். ராமதாஸ் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக் குனிந்து எண்ணைப் பதித்துக் கதவைச் சாத்தினார்.

“திறந்தா பொட்டலம் உங்களுக்கு.”

முகிலன் பத்துப் பொத்தான்களையும் இரண்டு கையாலும் அமுக்கினான். பிறகு கதவைத் தட்டி, “ஹலோ,” என்றான். பெட்டி அசையவில்லை. ராமதாஸ் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

தேவிகா முன்னால் வந்தாள். கண்ணை மூடிக் கைகூப்பினாள். உதடு அசைந்தது. கண்ணைத் திறந்து நாலு பொத்தானை அமுக்கினாள்.

கதவு திறந்தது.

“எப்படிம்மா?” என்றாள் சந்திரிகா.

“சனிக்கிழமை காலையில அப்பா சாமி கும்பிடுவாங்கல்ல. ‘ஏழு ஒண்ணு ஏழு நாலு, இந்த வாரமாவது குடு முருகா’ன்னு. அப்புறம் படத்துக்குப் பின்னால ஒரு சீட்டைச் சொருகுவாங்க.” சொல்லிவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்துத் தம்பிக்குப் பாதி கொடுத்தாள்.

அலாவுதீன் சுவர்க் கடிகாரத்தைத் துடைக்கப் போனார்.

சந்திரிகா பெட்டியைத் தன் பக்கம் திருப்பினாள். “பாய், எண்ணை மாத்துறது எப்படி?” அவர் தூரத்திலிருந்தே சொன்னார். அவள் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு பதித்தாள்.

“எனக்குச் சொல்ல வேண்டாமா? திருடன் வந்தா என்ன செய்யறது?”

“என்னை எழுப்புங்க. பூனை நடந்தாலும் என்னைத்தானே எழுப்புறீங்க.”

தேவிகா மூன்று தடவை முயன்றாள். திறக்கவில்லை. ஒரு மாதத்தில் முதல் தடவையாகச் சந்திரிகாவின் முகம் தெளிந்தது.

“இதையே குடுங்க பாய்,” என்றாள். பிறகு கணவரிடம், “வேன்கிட்ட போய் நீங்களே கூப்பிடுங்க,” என்றாள்.

ராமதாஸ் வெளியே வந்தார். வேனைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டுக் கதவருகே நின்றார்.

“மச்சான். பெட்டியை வீட்டுக்குள்ள கொண்டாந்து நீயே செவுத்துல அடிச்சுக் குடு. அப்படியே சாப்பிட்டுட்டுப் போ.”

அய்யாக்கண்ணு பத்திரிகையைத் தாழ்த்தினான். “நான் நம்பர் எடுக்கிறவன் மச்சான்.”

“அது வந்து…” ராமதாஸ் தொண்டையைச் செருமினார். “நானும்தான். பட்டர்வொர்த்துல. ஃபெரிக்குப் பக்கத்துக் கடையில. அந்தப் பக்கம் நம்மைத் தெரிஞ்சவங்க யாரும் இல்லைன்னு…”

“தெரியும் மச்சான். ரெண்டு வருஷமா வரிசையில உங்களுக்குப் பின்னாலதான் நிக்கிறேன்,” என்றான் அய்யாக்கண்ணு, பத்திரிகையை மடித்தபடி. “நீங்க திரும்பிப் பார்த்தா சங்கடப்படுவீங்களேன்னுதான் இதை விரிச்சு வச்சிக்கிறது.”