ஒற்றைத் துளை

பிரிக்ஃபீல்ட்ஸ் மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு மேசைமேல் விழுந்து கிடக்கிறது. அவரவர் கையால் செய்ததைக் கொண்டுவந்து காட்டும் கூட்டம். உபயோகித்துப் பார்க்காமல் இங்கே எதையும் யாரும் பாராட்டுவதில்லை. நிஜாம் அடித்த கத்தி காகிதத்தைச் சரசரவென்று நறுக்குகிறது. யாரோ இழைத்த மரப்பெட்டியின் மூடி கைமாறிக் கைமாறித் திறந்து மூடுகிறது. அடுத்து வருவது புனிதாவின் கைக்கடிகாரம். தோல் வார் அவள் தைத்தது, கடிகாரம் அப்பாவுடையது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் வற்றிக் கிடந்த அவர் மணிக்கட்டில் நூலைச் சுற்றி அளவெடுத்துத் துளை போட்டாள். தைத்து முடிப்பதற்குள் அவர் போய்விட்டார். இங்கே யாரிடமும் அதை அவள் சொல்லவில்லை. லோரி ஓட்டும் திருச்செல்வம் வாரைத் தன் கையில் சுற்றி இழுக்கிறார். கொக்கி துளைக்கு எட்டவில்லை. "என்னம்மா புனிதா, ஒரே ஒரு ஓட்டை, அதுவும் இவ்ளோ உள்ள தள்ளி. கோழிக் காலுக்கா அளவெடுத்த?" மேசையைச் சுற்றிச் சிரிப்பு. "தையல் சூப்பர் லா. ஓட்டைதான் தப்பு. வெளிய இன்னும் ரெண்டு போட்டுரவா?" மேசையில் கிடந்த உளியைத் தோலில் ஊன்றிச் சுத்தியலை ஓங்கிவிட்டார். அது அப்பாவின் கை அளவு என்று சொன்னால் போதும், சுத்தியல் நின்றுவிடும். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. "போடுங்கண்ணே" என்கிறாள். இரண்டே தட்டு. இப்போது கொக்கி மாட்டிக்கொள்கிறது. திருச்செல்வம் தடித்த கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டுகிறார். கைதட்டுகிறார்கள். புனிதாவும் தட்டுகிறாள்.