ஏற்கெனவே உள்ள நோய்கள்

“இவளுக்குச் சர்க்கரை இருக்கு, எழுதிக்குங்க. பதினாறு வருஷமா,” என்றார் கணவர்.

ஏஜென்ட் பெண் கம்ப்யூட்டரில் தட்டினாள். பயண இன்சூரன்ஸுக்குக் கட்ட வேண்டிய தொகை திரையில் ஒரு குதி குதித்தது.

மனைவிக்கு வயது அறுபத்தெட்டு என்றதுமே ஒரு தரம் ஏறிய தொகை அது.

வெளிநாட்டில் இருக்கும் ஒரே மகளுக்கு அடுத்த மாதம் முதுகில் ஆபரேஷன். எட்டு மாதக் கைக்குழந்தையைத் தூக்கிவைத்துக்கொள்ள ஆள் கிடையாது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, வந்து சேர இரண்டு மாதமாகும். இன்சூரன்ஸ் காகிதம் காட்டாமல் விசா தர மாட்டார்கள். டிக்கெட் வாங்கியது போகக் கையில் இருப்பதோ சொற்பம்.

“பிரஷர் உண்டா அம்மா?”

“லேசா...” என்று அவள் இழுப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

“லேசா எல்லாம் இல்ல. ரெண்டு வேளையும் மாத்திரை போடுறா. போன வருஷம் மயங்கி விழுந்து ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்தா. தைராய்டு வேற. மூட்டு தேஞ்சு போச்சு.”

கல்யாணமான நாற்பது வருடத்தில் அவளைப் பற்றி அவர் இவ்வளவு விவரமாகப் பேசியது இதுதான் முதல் தடவை. அதுவும் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம்.

தொகை இன்னும் ஏறியது.

“ஏங்க, அதையெல்லாம் எதுக்குச் சொல்லிக்கிட்டு?” என்று முணுமுணுத்தாள்.

“பேசாம இரு. ஒண்ணை மறைச்சாலும் பாலிசி செல்லாது.”

அது அவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? முப்பது வருடம் இன்சூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பார்த்தவர். நோயை மறைத்தவர்களின் மனுக்களை ஈவிரக்கம் பார்க்காமல் தள்ளித் தள்ளி, ‘தள்ளுபடி’ என்றே பட்டப்பெயர் வாங்கியவர்.

இந்த மனுஷன் நேர்மையைப் பிடித்துக்கொண்டு தொங்கி, பயணத்துக்கே உலை வைத்துவிடுவார் போலிருந்தது அவளுக்கு. குழந்தை அழுதால் அந்த முதுகோடு மகள் எப்படிக் குனிந்து எடுப்பாள்?

“அம்மாவோடது முடிஞ்சுது. இப்ப உங்களோடது சார். வயசு எழுபத்திரண்டு. சர்க்கரை, பிரஷர்?”

“கிடையாது.”

அது உண்மைதான்.

“இதயத்துல ஏதாவது? அடைப்பு, ஆபரேஷன், நெஞ்சு வலி?”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்த இதயம் அது. போன மாதம்கூட மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ஒண்ணும் கிடையாது. குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்,” என்றார் தள்ளுபடி.

அவள் வாயைத் திறந்தாள். மேஜைக்கு அடியில் அவர் கால் அவள் காலை அழுத்தியது.

‘மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை’ என்ற வரிக்குக் கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டு தொகையையும் கூட்டியதில் கையிலிருந்த பணத்துக்குள் எப்படியோ அடங்கிவிட்டது. மூச்சு வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது.

தெருவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு மட்டும் உலகத்துல இருக்கிற வியாதி எல்லாம். நீங்க குத்துக்கல்லு. ஒரு சின்னப் பொண்ணு முன்னாடி நெஞ்சு வலின்னு சொல்ல அவ்வளவு கௌரவக் குறைச்சலா?”

அவர் அவளுடைய பாலிசியை மடித்து அவள் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

“இதைத் தொலைச்சுடாதே. இது செல்லும்.”

“அப்ப உங்களோடது?”

“அது விசாவுக்குக் காட்ட ஒரு காகிதம். அவ்வளவுதான்.”

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏங்க, உங்களுக்கும் உள்ளதைச் சொல்லியிருக்கலாமே?”

“ரெண்டு பேரும் உண்மை பேசுற அளவுக்கு நம்மகிட்ட காசு இல்ல. உன்னைத் தனியா அனுப்பவும் முடியாது. சர்க்கரை இறங்கினா உனக்கே தெரியாது.”

பஸ் வருகிறதா என்று சாலையைப் பார்த்தபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“அங்க எனக்கு நெஞ்சு வலி வந்தா ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடாதே. அந்த பில்லை நம்ம பொண்ணு ஆயுசு முழுக்கக் கட்டணும். நீ பக்கத்துல உக்காந்துக்கோ, போதும்.”